ஆர்தர் காவல் இருந்த கிரகணம்

ஆர்தருக்கு வாய் கொஞ்சம் நீளம். மலாயாவில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில், ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஸ்பெஷல் போலீசாகச் சேர்ந்து, தோளில் துப்பாக்கியும் ஏறிய பிறகு கேட்க வேண்டுமா? வேலியோரத்துக் காவல் கோபுரத்தைக் காட்டி, தான் மேலே இருக்கும்வரை ஈ காக்கா உள்ளே நுழையாது என்பான். பெண்டாட்டி டொரீன் மட்டும் சிரித்துக்கொள்வாள்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் சந்திர கிரகணம். தகரம் தட்டிப் பாம்பை விரட்ட வேண்டுமே என்று ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலம்மா அனுமதி கேட்டு வந்தாள். கூடாது என்று ஒரே போடாகப் போட்டான். காட்டிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் வந்தால்தான் தகரம் தட்ட வேண்டும். நிலாவுக்கும் தட்டினால் எதை நம்புவது? நியாயம்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்ததைக் கேட்காமல், "பாம்பாவது முழுங்குறதாவது! போய் வேலையப் பாருங்க லா" என்று நக்கலும் அடித்தான்.

தோட்டத்திலேயே உயரமான இடம் அந்தக் கோபுரம்தான். கிரகணம் பார்க்க அதைவிட வசதி ஏது? ரப்பர் மரங்களுக்கு மேலே நிலா ஓரம் கறுத்து, பிறகு செம்மண் நிறத்துக்கு வந்தது. அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயம் மூச்சுக் காட்டவில்லை.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து தடதடவென்று தகரச் சத்தம் கிளம்பியது.

தகரம் தட்டினால் ஆபத்து. அவனே போட்ட சட்டம். துப்பாக்கியைச் சாத்திய இடத்திலேயே விட்டுவிட்டு ஏணியில் சறுக்கி இறங்கினான். கீழே அவனுக்குக் கோப்பி கொண்டுவந்த டொரீன் நின்றாள். அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகைக்குள் புகுந்துகொண்டான். கட்டியவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போகக்கூடத் தோன்றவில்லை, பாருங்கள்.

தட்டியவர்கள் வேலிக்கு அப்பால் இருந்த மலாய்க் கம்பத்துக்காரர்கள், அதாவது பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள். அவர்களும் கிரகணத்துக்குத் தட்டுவார்கள் என்பது லயத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். டவுனில் பிறந்த ஆர்தருக்குத் தெரியாது. வேலம்மாவைப் பேசவிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கிரகணம் விட்டதும் ஜனங்கள் தலைமுழுகக் குழாயடிக்கு வந்தார்கள். புகை தாங்காமல் இருமிக்கொண்டே ஆர்தர் வெளியே வந்தான். மூஞ்சியெல்லாம் கரி. பாழாய்ப்போன நிலா பட்டப்பகல் மாதிரி காய்ந்தது. யாராவது சிரித்திருந்தால் தேவலை. வேலம்மா தண்ணீர் வாளியை அவன் பக்கம் நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அண்ணாந்து பார்த்தான். கோபுரத்தில் டொரீன். கம்பத்துத் தகரச் சங்கதி அவளுக்கும் தெரியாது. சுடத் தெரியாத துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காட்டையே பார்த்தபடி நின்றாள்.

மேலே ஏறினான்.

"யாரும் வரலைங்க," என்று துப்பாக்கியை நீட்டினாள். "கோப்பிதான் கொட்டிப்போச்சு."

டொரீன் அதை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டவில்லை. மறுநாளிலிருந்து ஆர்தர்தான் காலைக் கோப்பி கலக்குவான். முதல் கோப்பையை அவளிடம் நீட்டும்போதெல்லாம், இன்றைக்காவது திட்டித் தொலைக்க மாட்டாளா என்று காத்திருப்பான். அவள் வாங்கிக் குடித்துவிட்டு, சர்க்கரை போதும் என்பாள்.