அக்கா நிச்சயத்தன்று பிடித்த சிகரெட்

அக்காவை நிச்சயம் பண்ணப் பொம்மிடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தபோது எனக்குப் பதினேழு வயது. அன்று காலையிலேயே அம்மா என் இன்ஹேலரைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் ஒளித்துவிட்டாள்.

"வீசிங் இருக்கற குடும்பம்னு தெரிஞ்சா எழுந்து போயிருவாங்கடா. பொண்ணுக்கும் இருக்குமோம்பாங்க. இன்னிக்கி ஒருநாளு மூச்சக் காட்டிக்காம இரு."

மூச்சைக் காட்டிக்காமல் எப்படி இருப்பதாம்? கேட்கவில்லை. ஏற்கெனவே வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தது. இதுவும் என்னால் போய்விடுமோ என்று எனக்கும் பயம்தான்.

எங்கள் பக்கம் நிச்சயத்தில் வெற்றிலைத் தட்டிலேயே சிகரெட்டும் பீடியும் வைப்பார்கள். பெண்ணின் தம்பிதான் அதை நீட்ட வேண்டும். நீட்டினேன். பந்தல் முழுக்கப் புகை. அப்பாவும் சம்பந்தியும் மாற்றி மாற்றிப் பற்றவைத்தார்கள். தான் விடுகிற புகைதான் என்னைத் தூங்கவிடாமல் இரைக்க வைக்கிறதென்று அப்பாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இருந்தும் என்னைப் பார்த்து, சிரி என்று கண்ணால் சாடை காட்டினார்.

சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையின் தம்பி, என் வயசுக்காரன், என்னை வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"ஒண்ணு இழு மச்சான்."

"வேணாங்க."

"ஏன், நெஞ்சு கிஞ்சு வீக்கா?"

விளையாட்டாகத்தான் கேட்டான். நானோ கண்டுபிடித்துவிட்டான் என்றே நினைத்தேன். வாங்கி இழுத்தேன்.

மூன்றாவது இழுப்பில் மார்பு அடைத்துக்கொண்டது. விசில் சத்தம் கேட்டுவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு வீட்டின் பின்பக்கம் ஓடினேன். மாட்டுக் கொட்டகைச் சுவரைப் பிடித்து நின்றேன். உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. நகமெல்லாம் நீலம் பாரித்தது. கத்தினால் ஆள் வரும். ஆள் வந்தால் அக்கா கல்யாணம் போச்சு. சத்தியமாகச் சொல்கிறேன், செத்துவிடுவேன் என்று தோன்றியும் நான் கத்தவில்லை.

தண்ணீர் எடுக்க வந்த அம்மா என்னைப் பார்த்ததும் குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். இன்ஹேலரோடு வந்து என் வாயில் திணித்தாள். "ஐயோ சாமி, இழுடா... இன்னொருக்கா இழுடா!"

மெல்ல மூச்சு வந்தது. முந்தானையால் என் முகத்தைத் துடைத்தவள் சட்டையை மோந்து பார்த்தாள். அறை விழப்போகிறது என்று கன்னத்தை மறைத்தேன்.

"யாரோட புடிச்ச?"

"மாப்பிள்ளை தம்பியோட."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப சந்தேகப்பட மாட்டாங்க" என்றாள். "போயி அவங்கூடவே நில்லு. குடுத்தா வேணாங்காத."

பெற்றவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் போனேன். அவன் அடுத்ததை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.