அப்பாவின் இலையில் என்ன வைப்பது

அப்பா இறந்து வருடம் நிறையும் வாரத்தில் ஒரு மாயக்கதை நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஆள், பேசும் ஆடு வரும் புத்தகத்தைப் பேருந்தில் விரித்தால் பக்கத்து இருக்கைக்காரர் "பேரனுக்கா?" என்பார். ஆமாம் என்றுவிடுவேன்.

கதையில் ஒரு சிறுமி கிணற்றில் இறங்கி, தன் அப்பாவும் அம்மாவும் பத்து வயதுப் பிள்ளைகளாகத் திரியும் ஊருக்குப் போகிறாள். அந்த அப்பாப் பையனிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறாள். அவன் ஒரு பக்கம் முழுக்கப் பதில் சொல்கிறான். கிணற்றை நம்பினேன். ஆட்டையும் நம்பினேன். அப்பா பதில் சொன்ன இடத்தில்தான் கற்பனை கொஞ்சம் அத்துமீறிவிட்டதாகப் பட்டது.

வருசப் படையலில், போனவருக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும். பிரியாணி என்று தயங்காமல் சொன்னேன். ஞாயிறுதோறும் நாகல் நகரிலிருந்து பொட்டலம் வாங்கி வந்தவர் அவர்தானே.

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "அவரு என்னைக்குடா அதத் தின்னாரு? ஒனக்கு வாங்கியாந்தாரு."

"பின்ன என்னதான் புடிக்கும்?"

"கேட்டா எதுனாலும் சரிம்பாரு. நானும் எதையாச்சும் வப்பேன்."

ஆத்தூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா குறுக்கிட்டார். "ஏலே, எங்கண்ணனுக்கு டேம் மீனுதான் உசுரு."

"அது ஒங்களுக்கு உசுரு. அவரு முள்ளுக்குப் பயந்து கையே வைக்க மாட்டாரு" என்றாள் அம்மா.

சித்தப்பா பையைத் தூக்கிக் காட்டினார். மீனை ஏற்கெனவே வாங்கி வந்திருந்தார்.

கட்டியவளுக்கும் தெரியவில்லை, கூடப் பிறந்தவருக்கும் தெரியவில்லை. இவ்வளவு புத்தகம் படித்த எனக்கும் தெரியவில்லை. அழுகை வருமென்று செத்த நேரம் காத்திருந்தேன். கொட்டாவி வந்தது.

கடைசியில் பிரியாணி, மீன், அம்மா வைத்த ரசம் எல்லாவற்றையும் இலையில் பரப்பி, சூடம் காட்டி, அவர் வந்து சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டு மூவரும் வெளியே நின்றோம். நாவலில் இப்படி ஒரு கதவு இருந்திருந்தால் அந்தச் சிறுமி திறந்து பார்த்திருப்பாள். நான் கைப்பேசியைப் பார்த்தேன்.

அம்மா கதவைத் திறந்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது.

"என்னம்மா?"

"எதுனாலும் சரின்னுட்டாரு போல. நீ உக்காரு, ஆறிப்போகும்."

உட்கார்ந்தேன். பிரியாணி ஏற்கெனவே ஆறியிருந்தது. எனக்குப் பிடிக்கும் என்பதால் சாப்பிட்டேன்.