கழுக்குன்றத்தில் இறங்காத அக்கா

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஆங்கிலம் நான் ஆசைப்பட்டுச் சேர்ந்த பாடமும் இல்லை. கேட்டது கிடைக்கவில்லை, இதில் இடம் இருந்தது, சேர்த்துவிட்டார்கள். வீடு மாமல்லபுரத்தில். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில்தான் தினமும் போய்வருவேன்.

எங்களுக்கு அப்போது இலக்கியம் என்றால் கைடுதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு புத்தகக் கடை. எந்த நாடகமாக இருந்தாலும், எந்தக் கவிதையாக இருந்தாலும் அங்கே கைடு கிடைக்கும். மூலப் புத்தகத்தை வாங்கியவர்கள் வகுப்பில் ஒன்றிரண்டு பேர். அவர்களும் அதற்கு அழகாக அட்டை போட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த வருடம் புதிதாக ஒரு மேடம் வந்தார். பாடத்தில் ஒரு பழைய சோக நாடகம் இருந்தது. ராஜா, ராணி, துரோகம், கடைசியில் மேடை முழுக்கப் பிணம். அதைப் பற்றி ஒவ்வொருவராக எழுந்து நின்று ஆங்கிலத்தில் விமர்சனம் சொல்ல வேண்டும், கையில் பேப்பர் இருக்கக் கூடாது என்றார். நாங்கள் கைடை மனப்பாடம் செய்துகொண்டு போனோம். முதல் பெண் சொன்னதையே அடுத்தவளும் சொன்னாள். அதற்கடுத்தவளும் அதையே சொன்னதும், "எல்லாரும் ஒரே கடையிலயா சாப்பிட்டீங்க?" என்றார் மேடம்.

அடுத்தது என் முறை. முதல் இரண்டு வரி ஓடியது, பிறகு நின்றுவிட்டது. நடுவிலிருந்து பிடிக்க எனக்குத் தெரியாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், அதே இடத்தில் நின்றது. மூன்றாவது முறை ஆரம்பித்தபோது வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்திருக்கலாம். அழுதுவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். "கஷ்டமா இருந்தா வுட்டுடும்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார் அம்மா. தாம்பரம் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை வாங்கித் தருவதாகப் பக்கத்து வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அம்மா திட்டியிருந்தாலாவது ரோஷம் வந்திருக்கும். அந்த வாரத்தோடு கல்லூரிக்கு முழுக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் மேடம் தன் பையிலிருந்து ஒரு பெரிய புத்தகத்தை எடுத்தார். பக்கம் பக்கமாகக் கறுப்பு வெள்ளைப் படங்கள். "காமிக்ஸ்!" என்றாள் பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி. கிராஃபிக் நாவல் என்று திருத்தினார் மேடம். ஒரே பிரதி, அதுவும் அவருடைய சொந்தப் புத்தகம். ஆளுக்கு ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்து, மறுநாள் விமர்சனம் சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் முதல் பெயர் என்னுடையது. என் அதிர்ஷ்டம் எப்போதும் அப்படித்தான்.

சாயங்காலம் நேரே கடைக்கு ஓடினேன். "சிலபஸ்ல இல்லாத புக்குக்கு ஏதும்மா கைடு?" என்று கடைக்காரர் சிரித்தார். சரி, நாளைக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றுவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

வழக்கம்போல நெரிசல். நின்றுகொண்டு வரும் மாணவிகளின் பைகளை உட்கார்ந்திருப்பவர்கள் கேட்காமலே மடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அன்று என் பையை வாங்கியது, சந்தையில் காய்கறி விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா. புத்தகம் பைக்குள் அடங்கவில்லை. அதையும் கையில் கொடுத்தேன். பஸ் கிளம்பியதும் அவர் அதைப் பிரித்தார்.

"இது இன்னாம்மா, சினிமா புக்கா?"

"காலேஜ் புக்குக்கா."

"படமா கீது! காலேஜ்ல இதான் சொல்லித் தராங்களா? இந்தப் பொண்ணு யாரு? ஏன் கோவமா கீது?"

எனக்கே தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னேன். அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு ஒரு பெண் வீட்டை விட்டுப் போகிறாள். பல வருடம் கழித்து, கொட்டும் பனியில், தனியாக ஊருக்குத் திரும்பி வருகிறாள். இவ்வளவுதான் கதை. பாதிப் பக்கங்களில் பேச்சே கிடையாது.

"இங்க எய்த்தே இல்லியே?"

"இல்லக்கா. வெறும் படம்தான்."

"அப்ப நீ சும்மா இரு. நானே பாத்துக்கிறேன்."

பிறகு அவர் திருப்பத் திருப்ப, நானும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்மணியும் கழுத்தை நீட்டினார். அந்தப் பெண் ரயிலை விட்டு இறங்குகிறாள், பாலத்தைத் தாண்டுகிறாள், பாதி வழியில் திரும்பிப் போய்விடலாமா என்று நிற்கிறாள். "போயிடாதடி, வந்ததே வந்துட்ட" என்றார் அக்கா, புத்தகத்தைப் பார்த்து. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஊரைத் தாண்டிய பிறகுதான் கண்டக்டர் பார்த்தார்.

"யக்கா, நீ கழுக்குன்றம்தானே சொன்ன?"

"இருடா, அந்தப் பொண்ணு வூட்டாண்ட வந்துகினு கீது!"

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் வீட்டு வாசலில் நிற்கிறாள். கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள். அடுத்த பக்கம் வெள்ளைத் தாள். அதற்கப்புறம் அட்டை.

"மீதி எங்க? யாராவது கிய்ச்சிட்டாங்களா?"

"அவ்ளோதான்க்கா."

"அப்பன்காரன் தொறந்தானா இல்லியா?"

"போடலக்கா."

அக்காவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. மாமல்லபுரம் வரும்வரை புத்தகம் போட்டவனைத் திட்டித் தீர்த்தார். அங்கே என்னோடு இறங்கி, திரும்பிப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் அமைதியானார். அவர் மகள், வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டு மதுராந்தகத்தில் இருக்கிறாளாம். பேச்சுவார்த்தை கிடையாதாம். "அவளே வரட்டும்னு கீறேன். வந்தா நான் தொறக்க மாட்டனா?" என்றார். அவர் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்து ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியே கத்தினார். "நாளைக்கு உங்க டீச்சரைக் கேட்டுட்டு வா! தொறந்தானா இல்லியான்னு!"

நின்றுவிட இருந்த கல்லூரிக்குப் போய்க் கேள்வி கேட்டு வரும் வேலை ஒன்று இப்போது எனக்கு இருந்தது.

மறுநாள் எழுந்து நின்றேன். மனப்பாடம் செய்ய ஒரு வரியும் இல்லை. "இந்தப் புத்தகத்தால் நேற்று ஓர் அம்மா இறங்க வேண்டிய ஊரை விட்டுவிட்டார்" என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்தார்கள்தான். ஆனால் முந்தைய சிரிப்பு இல்லை அது. மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்புறம்?" என்றார். தப்பும் தவறுமாக பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். மகள் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை, அது அக்காவுடையது. கடைசியில், அப்பா கதவைத் திறந்தாரா என்று மேடத்தையே கேட்டேன். தனக்கும் தெரியாது என்றார் அவர். திறந்திருப்பார், மாட்டார் என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து, பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் பெல் அடிக்கும்வரை சண்டை போட்டது. போகும்போது மேடம், "அந்த நாடகத்தையும் இப்படியே படிச்சிட்டு வாங்க" என்றார். அன்று இரவு, அட்டை போட்டு வைத்திருந்த தோழியிடம் இரவல் வாங்கி, நாடகத்தை முதன்முறையாகத் திறந்தேன். அந்த ராணி மேல் எனக்கு அவ்வளவு கோபம் வரும் என்று நினைக்கவே இல்லை. தையல் கம்பெனிப் பேச்சு வீட்டில் தானாக நின்றுபோனது.

பல வாரம் கழித்து, அதே பஸ்ஸில் அந்த அக்கா. கூட்டத்துக்கு நடுவே கை நீட்டி என் பையை வாங்கிக்கொண்டார்.

"இன்னா சொன்னாங்க உங்க டீச்சர்?"

"அவங்களுக்கும் தெரியாதாம்க்கா."

"தெரியாதா? சரி வுடு. எம் பொண்ணு வருவான்னு நான் இன்னாத்துக்குக் காத்துகினு கெடக்கணும்? நானே போய்த் தட்டிட்டேன்."

"தொறந்தாங்களாக்கா?"

"தொறக்காம? சோறு போட்டா. கொயம்புல புளி பத்தலன்னேன், சண்டைக்கு வந்துட்டா" என்று சொல்லிச் சிரித்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை, பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை. இப்போது நானே ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. பிள்ளைகள் எழுதிவரும் புத்தக விமர்சனங்களில் கைடு வாடை அடித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டு, இந்தக் கதைக்காக நீ இறங்க வேண்டிய இடத்தை விட்டிருப்பாயா என்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்தவர், கதை முடியாத இடத்திலிருந்து எழுந்துபோய்த் தன் மகளின் கதவைத் தட்டிய அந்த அக்காதான்.