காலைப் பாக்க விடேல்லை

கோப்பித்தூளும் பச்சை ரத்தமும் கலந்தால் ஒரு மணம் வரும், இரும்புத் தாச்சியிலை ஏதோ கருகின மாதிரி, தொண்டைக்குள்ளை போய் நிண்டு கசக்கும். அந்த மணத்தை நினைச்சால் எனக்கு நயினாதீவிலை எங்கடை வீடும், சோளகக் காத்து வீசிற காலத்து ஒரு மத்தியானமும்தான் கண்ணுக்குள்ளை வருது. காத்து அண்டைக்குப் பனையளைப் பிடிச்சு உலுப்பிக்கொண்டு நிண்டது. கடல் கொதிச்சதாலை மோட்டர் வள்ளத்தைத் துறையிலை கட்டிப்போட்டினம். எங்கடை ஐயா தெற்கை, காலிப் பட்டினத்திலை, கடையோடை. காலி எண்டால் எங்களுக்கு வேறை உலகம். அவர் வரேக்கை தொதல் எண்ட இனிப்பும் தகரப்பெட்டியிலை பிஸ்கோத்தும் வரும், நாங்கள் அறிஞ்ச காலி அவ்வளவுதான். சரி, அதை விடுவம்.

என்ரை அக்கா பறுவதம், அப்ப பாவாடை சட்டை போட்டுத் திரிஞ்ச பிள்ளை. ஆடு ஒண்டு பக்கத்து வளவுக்கை பாய்ஞ்சிட்டுதெண்டு வேலியிலை இருந்த "பொட்டு"க்குள்ளாலை நுழைஞ்சவ. பொட்டெண்டால் வேலி பிஞ்சு விழுந்த ஓட்டை. எங்கடையது பனைமட்டை வேலி, மட்டையின்ரை ரெண்டு விளிம்பிலையும் வாள்ப்பல்லு மாதிரி "கருக்கு" நிக்கும். கால் வழுக்கினதுதான், கணுக்காலின்ரை உள்பக்கத்தைக் கருக்கு அரிஞ்சு போட்டுது. ரத்தம் வழியேல்லை, நெஞ்சு அடிக்கிற அடிக்கு விட்டு விட்டுப் பாய்ஞ்சது.

அம்மா சீலைத் தலைப்பைக் கிழிச்சுப் பொத்திப் பிடிச்சா. பக்கத்து வீட்டு அன்னம்மாக்கா ஒரு பேணி கோப்பித்தூளைக் கொண்டுவந்து கொட்டினா. அந்தக் காலத்திலை எங்கடை பக்கம் எந்தக் காயத்துக்கும் அதுதான் மருந்து, இப்ப செய்தால் டொக்டர்மார் ஏசுவினம். தூளாலையோ அம்மாவின்ரை பிடியாலையோ, கொஞ்சத்தாலை பாய்ச்சல் நிண்டது.

அதோடை விட்டிருந்தால் சரி. ஆனால் எங்கடை சனத்திட்டை "விடுப்பு" எண்டு ஒண்டு இருக்கு. ஒரு வீட்டிலை ஒண்டு நடந்தால் போய்ப் பாக்காமல் விடுறது குறை, போயும் காயத்தைக் காணாமல் திரும்பினால் அது இன்னும் பெரிய குறை, பிறகு றோட்டிலை நிண்டு கதைக்க ஒண்டும் இராது. ஒருத்தர் இளநியோடை வந்தார், ஒருத்தி வேப்பிலையோடை வந்தா, ஆரும் கெட்ட மனசோடை வரேல்லை. எல்லாருக்கும் அந்தச் சீலைத்துண்டை ஒருக்காக் கிளப்பிப் பாக்கவேணும். கிளப்பேக்கை, ஈரல்துண்டு மாதிரி உறைஞ்சு நிண்ட கட்டி சீலையோடை பிஞ்சு வரும், ரத்தம் திருப்பிப் பாயும். "அட, இன்னும் நிக்கேல்லையே" எண்டு கிளப்பினவையே சொல்லிக் கவலைப்படுவினம். பின்னுக்கு நிண்டவை, தேர் பாக்க வந்த சனம் மாதிரி, முன்னுக்கு நிக்கிறவையை விலத்தச் சொல்லி இடிச்சினம்.

அக்காவின்ரை சொண்டு வெளிறிக்கொண்டு வந்தது. அந்த வெக்கைக்குள்ளை அவ "குளிருதம்மா" எண்டா. அப்பதான் எனக்குப் பயம் பிடிச்சது. ஒவ்வொருக்காலும் ஆரோ திறந்த பிறகுதான் பாயுதெண்டதை அம்மா கண்டிட்டா எண்டு நினைக்கிறன். காலைத் தூக்கி ஒரு நெல்லுச் சாக்கிலை வைச்சு, புதுத் துண்டொண்டை மடிச்சு வைச்சு, ரெண்டு கையாலையும் அமத்திக்கொண்டு குந்தியிருந்தா.

அந்த நேரம் பெரிய மாமி வந்தா, ஐயாவின்ரை தமக்கை. அவ வந்தால் கதிரையிலை இருக்கிற ஆம்பிளையளும் எழும்புவினம். அவவின்ரை மகனுக்குத்தான் அக்கா எண்டு பிறந்த நாளிலையே பேசி வைச்சது. அவவுக்கு மறுத்துச் சொல்லிற ஆள் எங்கடை குடும்பத்திலை இல்லை. நேரை வந்து, குனிஞ்சு, கையை எடு எண்ட மாதிரித் தலையை ஆட்டினா.

"தொடாதேங்கோ மச்சாள்" எண்டா அம்மா.

"என்ரை தம்பியின்ரை பிள்ளையை நான் பாக்கக்கூடாதோ?"

"முகத்தைப் பாருங்கோ. காலைப் பாக்க விடன்."

மாமி நிமிந்து, சீலையை உதறி இழுத்துச் செருகி, வந்த வழியாலை போயிட்டா. அவவே பாக்காமல் போனதைப் பாக்கக்கூடாதெண்டு விளங்கினமாதிரி மற்றவையும் ஒராள் ஒராளாய்க் கழண்டினம். அம்மா அமத்தின கையை எடுக்கேல்லை. நான் பனையோலை விசிறியாலை அக்காவுக்குக் காத்துப் பிடிக்கிறனெண்டு விசுக்க, அக்கா, "டேய், குளிருதெண்ட ஆளுக்கு விசுக்கிறியே, மோட்டு மாடு" எண்டு ஏசினா. ஏச்சு வந்தவுடனை அம்மாவின்ரை முகம் கொஞ்சம் இளகினது.

அந்தக் கைக்குக் கீழை என்ன நடந்ததெண்டு எனக்கு இப்ப, கிழவனாய்ப் போன பிறகுதான், கிளினிக்கிலை ஒரு தாதிப்பிள்ளை சொல்லி விளங்கினது. நான் விளங்கிக்கொண்டது வேலிக் கணக்கிலைதான். பொட்டு விழுந்தால் நாங்கள் என்ன செய்வம்? முதல் ரெண்டு பக்கத்தையும் இழுத்து நெருக்குவம், பிறகு கையிலை அம்பிட்ட காவோலை, முள்ளு எல்லாத்தையும் ஓட்டைக்குள்ளை அடைவம், அதுக்கு மேலை நாராலை குறுக்கும் நெடுக்கும் வரிஞ்சு கட்டுவம். ரத்தமும் அப்பிடித்தானாம். அறுந்த குழாய் முதல் தானே சுருங்குமாம். ரத்தத்துக்குள்ளை சும்மா ஓடித்திரியிற சின்னஞ்சிறு தட்டுகள் கிழிஞ்ச விளிம்பிலை போய் ஒட்டி, ஒண்டோடை ஒண்டு பிணைஞ்சு ஓட்டையை அடைக்குமாம். பிறகு ரத்தத்திலையே கரைஞ்சு கிடந்த ஒண்டு நூலாய்த் திரண்டு அதுக்கு மேலை வலை பின்னுமாம். உள்ளுக்குத் தசை பொருந்தினாப்போலை, அந்த வலையை உடம்பே கரைச்சுப் போடுமாம்.

எனக்கு அதிசயம் அதிலையும் இல்லை. இவ்வளவு உறையிற சாமான் உடம்பு முழுக்க ஓடேக்கை ஏன் உறையேல்லை? ஓடிற இடத்திலை தண்ணியாய் இருந்து, கிழிஞ்ச இடத்திலை மட்டும் கட்டியாகோணுமெண்டு அதுக்கு ஆர் காட்டிக் குடுத்தது? அந்தப் பிள்ளை அதுக்கும் ஏதோ சொன்னது, எனக்குப் பிடிபடேல்லை. பிடிபடாததும் நல்லதுக்குத்தான், இப்பவும் நினைச்சால் மயிர் கூச்செறியுது.

பின்னேரம் காத்து விழ, வள்ளம் வெளிக்கிட்டுது. அக்கரையிலை ஒரு காரைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமட்டும் அம்மா கை எடுக்கேல்லை. அங்கை இருந்த டொக்டர் துண்டை இழுக்கேல்லை, ஊறவிட்டு ஊறவிட்டு ஓரத்தைப் பாத்துப்போட்டு, "பிள்ளை தப்பீட்டுது. இனிக் கையை எடுக்கலாம், அம்மா" எண்டார். அம்மாவுக்கு விரலை விரிக்க ஏலாமல் போச்சு, அவரே ஒண்டொண்டாய் விரிச்சு விட்டார்.

மாமி பிறகு சாகுமட்டும் எங்கடை படலை திறந்து வரேல்லை. கலியாணமும் அதோடை போச்சு. மாமியின்ரை மகன், அந்த மச்சான், ரெண்டு தரம் கட்டி ரெண்டு தரமும் கலைஞ்சு திரிஞ்சவர். கனடாவிலை இருந்து அக்கா கதைக்கேக்கை, "அந்தக் கருக்குமட்டைக்கு நான் ஒரு பொங்கல் பொங்கவேணும்" எண்டு சிரிப்பா.

இப்ப எங்கடை ஒழுங்கையிலை கனக்க வீடுகள் பூட்டு. போன மாசம் தேங்காய் உடைக்கேக்கை கத்தி உள்ளங்கையிலை ஏறியிட்டுது. நெஞ்சு வருத்தத்துக்கு நான் ரத்தத்தை இளக்கிற "குளிசை" போடுறன், அதாலை கெதியிலை நிக்காது. துணியை வைச்சு அமத்திக்கொண்டு கதிரையிலை இருந்தன். படலை திறந்துதான் கிடந்தது. முந்தியெண்டால் வீட்டு முத்தம் சனத்தாலை நிறைஞ்சிருக்கும், ஒராளும் வரேல்லை. வெயில் முத்தத்தைக் கடந்து மதிலிலை ஏறினது. துணிக்குள்ளாலை ஊறிக்கொண்டிருந்த சிவப்பு, மெல்ல மெல்லப் பரவாமல் நிண்டது.

துணியைக் கிளப்பிப் பாக்க எனக்கே ஆசை வந்தது. பாக்கேல்லை.