உப்புக் காலும் ஒரு நாயின் நாக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் பிடிவாதம் பிடித்து என்னைப் பெரிய முதலியார்சாவடிப் பக்கம் ஒரு பேக்கரிக்கு அழைத்துப் போனாள். வாசலிலேயே பலகை: உங்கள் நாய்களையும் உள்ளே அழைத்து வரலாம். பக்கத்து மேசைக்கு அடியில் நிஜமாகவே ஒரு பெரிய மஞ்சள் நாய் படுத்திருந்தது. கடைக்காரப் பெண் அதன் முன்னால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். என் காபியை மறந்துவிட்டு, அது குடிக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்க. கால எறக்குங்க" என்றாள் மகள். இரண்டு கால்களையும் எப்போது நாற்காலிமேல் தூக்கி வைத்தேனோ, எனக்கே தெரியாது.

காலை இறக்கினேன், கண்ணை எடுக்கவில்லை. சாப்பாட்டுக் கடைக்குள் நாயை விடலாமா, கூடாதா என்று உங்களைக் கேட்டால் நீங்கள் ஏதாவது ஒரு பதிலைச் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். எனக்கு முடியாது. அந்தக் கேள்விக்குள் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு நான் செத்துப் பிழைத்திருக்கிறேன்.

சுனாமி வந்ததற்கு அடுத்த கோடை அது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, மரக்காணத்தில் ஒரு உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆயில் என்ஜின் ஓட்டி, உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு அனுப்ப வேண்டும். என் சொந்த ஊர் பிரம்மதேசம். கடல் அரை மணி பஸ் தூரம்தான் என்றாலும் நான் நெல் வயல்காரன், உப்பைச் சோற்றில் மட்டுமே பார்த்தவன். அங்கே யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் நான் 'மோட்டார்'.

ஒரே மாதத்தில் என் கால்கள் உப்பளத்துக் கால்கள் ஆகிவிட்டன. குதிகாலிலும் விரல் இடுக்கிலும் வெடிப்பு, வெடிப்புக்குள் எரிச்சல். ரப்பர் பூட்ஸ் போட்டுப் பார்த்தேன். அதற்குள்ளும் தண்ணீர் புகுந்து சளக் சளக்கென்று சத்தம் போட, பாத்தியில் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் அதைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அத்தோடு பூட்ஸை விட்டேன். வெயிலில் கரையேறினால் முழங்கால் வரைக்கும் வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கும்.

அந்தக் காலோடுதான் ஒன்பது மணிக்கு சரசு அக்கா கடைக்குப் போவோம். உப்பளத்து மண் பாதை தார் ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. இரண்டு பெஞ்சு, ஒரு இட்லிக் குண்டான், முந்தின நாள் மீன் குழம்பு. அந்த மீன் குழம்பைப் பற்றித் தனியாக நாலு பக்கம் எழுதலாம். ஆனால் இப்போது நாய்க்கு வருகிறேன்.

அலை வந்துபோன மறுவாரம் குப்பத்துப் பக்கமிருந்து ஒரு நாய் நடுங்கிக்கொண்டே வந்து, கடைக்குள் இருந்த காலி சோடாப் பெட்டியில் படுத்துக்கொண்டதாம். யார் வீட்டு நாய், அந்த வீடு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கு விரட்ட மனசு வரவில்லை. சோடா என்று பெயர் வைத்துவிட்டாள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்ததும் சோடா அடியில் புகுந்து, காலில் பூத்திருக்கும் உப்பை நக்கும். அதற்கு உப்பு ருசி, எங்களுக்கு எரிச்சலுக்கு இதம். முதல் நாள் நான் அலறி இட்லித் தட்டைக் கவிழ்த்தேன். நாலாம் நாள் நானே காலை நீட்டிக் கொடுத்தேன்.

என் பக்கத்தில் எப்போதும் உட்காருபவன் அருள்தாஸ். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன், வரப்பு கட்டுவதில் கெட்டிக்காரன். "டாக்டருக்கு காட்டுனாகூட இப்படி பாக்க மாட்டாருடா மோட்டாரு" என்பான், கண்ணை மூடிக்கொண்டு.

உப்பு ஏற்ற வரும் லாரி டிரைவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "நாய உள்ள விடற கடையில மனுசன் சாப்புடுவானா? வெளிய தொரத்தும்மா" என்று ஒருநாள் கத்தினார்.

"அது ஒண்ணும் உன் தட்டுல வாய் வைக்கல. புடிக்கலன்னா நீ வெளிய மணல்ல குந்திக்கினு துண்ணு" என்றாள் அக்கா. நாங்கள் ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்தோம்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் சோடா பெட்டியைவிட்டு வரவில்லை. வாயிலிருந்து நுரை வடிந்தது. அக்கா வைத்த தண்ணீரில் மூக்கை விட்டு, முடியாமல் பின்னால் துள்ளியது. பெஞ்சுக் காலைக் கவ்விக் கடித்தது. பிறகு வெளியே பாய்ந்து, பாத்திகளுக்கு நடுவே வரப்புமேல் கோணல் மாணலாக ஓடி மறைந்தது. எல்லோரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்தோம். முந்தின நாள்கூட என் குதிகால் வெடிப்பை அது வெகுநேரம் நக்கியிருந்தது.

"கடிக்கல இல்ல? நக்குனதுதான? உப்புத் தண்ணியில அரை நாள் நின்னா எந்த விஷமும் நிக்காதுடா" என்றான் அருள். உப்பளத்தில் எல்லோருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. உப்பில் மீன் கெடாது, ஊறுகாய் கெடாது, அதனால் மனிதனும் கெடமாட்டான். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எல்லோரும் தண்ணீரில் நின்றார்கள். நானும் நின்றேன்.

எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று சின்ன வயதில் கேட்டது மண்டையில் இருந்தது. போகாமல் இருக்கவும் பயம். வெறி பிடித்தால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை அடைக்கும் என்பார்கள். என் வேலையோ நாள் முழுக்கத் தண்ணீரோடு. என்ஜினைத் தட்டிவிட்டு, குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பயமாக இருக்கிறதா? இருந்தது. அது நோயின் பயமா, நோயைப் பற்றிய பயமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று நாள் இப்படி. நாலாம் நாள் தாங்க முடியாமல் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என் காலைப் பார்த்தார். "புண்ணு மேல நக்கியிருக்குது, நாலு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்று திட்டினார். நான் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். "சட்டைய எறக்கு, கைய காட்டு" என்றார். ஊசி கையில்தான். அடுத்தடுத்து வரவேண்டிய நாட்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சீட்டை அக்காவிடம் காட்டினேன். உட்கார்ந்துவிட்டாள். "நாந்தானே உள்ள விட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அன்று மாலையே அவளும் போய் ஊசி போட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து கடைக்கு ஒரு சட்டம் வந்தது. சோடா நக்கிய கால்காரர்கள் ஊசிச் சீட்டைக் காட்டினால்தான் உள்ளே வரலாம். முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராகப் போய்வந்தார்கள். அருள் மட்டும் மசியவில்லை. "நாய உள்ள விட்ட, என்ன வெளிய நிறுத்துறியா?" என்று ரோஷத்தோடு, அந்த டிரைவரை உட்காரச் சொன்ன மணலிலேயே போய் உட்கார்ந்தான்.

அக்கா இட்லியை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தாள், திட்டிக்கொண்டே. இரண்டு நாள் இப்படி நடந்தது. மூன்றாம் நாள் அவன் பக்கத்தில் தண்ணீர் டம்ளரை வைத்தாள். கோபத்தில் அவன் அதைப் புறங்கையால் தள்ளிவிட்டான். தண்ணீர் மணலில் கொட்டியது.

கோபம்தான். ஆனால் தண்ணீரில் மூக்கை விட்டுப் பின்னால் துள்ளிய சோடாதான் எனக்கு ஞாபகம் வந்தது. அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். உள்ளே இருந்த அத்தனை பேரும் தின்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தோம்.

"இன்னா? இன்னாத்துக்கு எல்லாரும் அப்படி பாக்குறீங்க?" என்றான் அருள். எங்கள் கண் மணலில் கொட்டிய தண்ணீருக்குப் போயிற்று. அவனுக்குப் புரிந்துவிட்டது. "தண்ணி குடுக்கா" என்று தானே கேட்டு வாங்கினான். ஒரு வாய் ஊற்றினான், இறங்கவில்லை. புரையேறி மூக்கால் வந்தது. அந்தப் பெரிய உடம்புக்காரன், கண்ணில் தண்ணீர் முட்ட, என்னைப் பார்த்துச் சின்னக் குரலில் கேட்டான். "மோட்டாரு, எனக்கு வந்திருச்சாடா?"

எனக்கும் தெரியாதே. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவன் சன்னல் பக்கம், குளம் குட்டை தெரியும் பக்கம் திரும்பவே இல்லை.

தொண்டையை அடைத்தது நோய் இல்லை, பயம்தான் என்று சொல்லி நர்ஸம்மா அருளுக்கும் ஊசி போட்டார். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசியாலா, இல்லை சோடாவுக்கு வெறியே பிடிக்காமல் தொண்டையில் மீன் முள் மட்டும் சிக்கியிருந்ததா என்பது தெரியாது. எக்கியார்குப்பம் பக்கம் ஓடியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை. அருள் இப்போது சென்னையில் வாட்ச்மேன். மாதம் ஒருமுறை போன் செய்வான். "தண்ணி குடிச்சியாடா?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான். சிரிக்கத்தான் கேட்கிறான். ஆனால் நான் "குடிச்சேன்" என்று சொல்லும்வரை அடுத்த வார்த்தை பேசமாட்டான்.

ரோட்டை அகலப்படுத்தியபோது சரசு அக்கா கடை போய்விட்டது. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கொட்டகை இருந்த இடம் இதுதான் என்று பஸ்ஸிலிருந்து மகளுக்குக் காட்டக்கூட இப்போது ஒரு அடையாளமும் இல்லை.

பேக்கரியில் அந்த மஞ்சள் நாய் ஒருவழியாக எழுந்து கிண்ணத்தில் வாய் வைத்தது. சளப் சளப்பென்று பாதிக் கிண்ணத்தைக் குடித்தது. நான் அப்போதுதான் மூச்சு விட்டேன். பிறகு அது மெதுவாக எங்கள் மேசைக்கு அடியில் வந்தது. மகள் என் முகத்தையே பார்த்தாள். எழுந்து ஓடவேண்டும்போல் இருந்தது, ஓடவில்லை. என் குதிகாலை அது ஒருமுறை முகர்ந்து பார்த்தது. அங்கே அதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லைபோல. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.