பாலக்கரைக்குத் திசை கிடையாது

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்கு இடது வலது தெரியாது. கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் நேர்க்கோடாய் வீதிகள். வடக்கு, தெற்கு என்றே பேசிப் பழகிவிடுவோம். என் அப்பா முதுகு சொறியச் சொல்லும்போதுகூட, "இன்னும் கொஞ்சம் தெற்கே" என்பார்.

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்ததோ பாலக்கரை. என் கணவருக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. நடந்து போகிற தூரம் என்று ஒரு சந்துக்குள் வீடு பார்த்திருந்தார். நாலடிக்கு ஒரு தரம் நெளிகிற சந்து. மாதா கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே ஜன்னல் வழியாக வரும். "சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க, பீச்சாங்கைப் பக்கம் மூணாவது வீடு" என்பதுதான் அங்கே பாஷை. முதல் மாதம் அழுதேன். மூன்றாவது மாதம் அந்தச் சந்திலிருந்து என்னை யாராலும் கிளப்ப முடியாது என்றாகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் நான் இன்னாருடைய பெண், இன்னாருடைய பேத்தி. இங்கே யாருக்கும் என் தாத்தாவைத் தெரியாது. அப்பாடா என்றிருந்தது.

அப்போதுதான் அப்பாவின் கடிதம் வந்தது. ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் ஒரு வீடு காலியாகிறதாம்; ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களைக் கையோடு அழைத்துப் போகிறாராம். என் கணவரோ மாமனார் சொன்னால் மறுபேச்சுப் பேசாதவர். அப்பாவுக்குச் சந்து பிடித்தால்தான் நான் பிழைத்தேன். வீட்டைப் பளிச்சென்று வைத்தேன், வழியும் எழுதிப் போட்டேன். அதில்தான் கோட்டை விட்டேன். பழக்க தோஷத்தில், "கடைத்தெருவிலிருந்து கிழக்கே வந்து, வடக்கே திரும்பி, மறுபடி கிழக்கே" என்று எழுதித் தொலைத்தேன்.

பத்து மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டாகியும் வரவில்லை. தேடிப் போன இவரும் வெறுங்கையோடு திரும்பினார். வெயிலில் அலைந்துவிட்டு வந்தால், "மூட்டையைக் கட்டு" என்பதுதான் அப்பாவின் முதல் வார்த்தையாக இருக்கும். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

சந்துமுனையில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் அப்பா, பின்னால் ஏழெட்டுப் பேர். அவருடைய குடை எதிர்வீட்டு ராவுத்தர் கையில். மாம்பழக் கூடை பூக்காரம்மா தலையில்.

"உச்சி வேளையில சூரியனைப் பாத்துத் திசை தேடுறாருங்க!" என்றாள் பூக்காரம்மா. "மூணு தரமும் மாதா கோயில் வாசலுக்கே போயிட்டாரு. ஸ்ரீரங்கத்தம்மா வீடான்னு கேட்டு நான்தான் கூட்டியாந்தேன்."

"முதல்ல பாத்தது நானுங்க!" என்று ராவுத்தர் சண்டைக்கு வந்தார்.

அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. பதறிப்போய்க் கிட்டே போனேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வழி நெடுக உன் பேச்சுதாம்மா. நீ சிரிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கறதாமே? நம்மாத்துல நீ சிரிச்சு நான் கேட்டதே இல்லையே!"

இலையைப் போட்டேன். நன்றாகச் சாப்பிட்டார். வீட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. வெயில் தாழ்ந்து கிளம்பும்போதுதான், "அந்த உத்தர வீதி வீட்டை வேற யாருக்காவது விட்டுடச் சொல்லிடறேன், மாப்பிள்ளை" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க ஊர்ல வெயில் ஜாஸ்தியா இருக்கு. ஜாக்கிரதையா இரும்மா."

உங்க ஊர்! வழியனுப்ப வந்து நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் நான் ஓவென்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.