இரத்மலானையோ, மெட்ராசோ

இண்டைக்கு நிலாவெளி பஸ்ஸில பக்கத்தில இருந்த பெட்டை, பிளேன் ஓடப் பழக எங்க போகலாம் எண்டு போனில தேடிக்கொண்டு வந்தா.

சீனக்குடாவில பிளேன் இறங்கிறதைப் பார்த்துப் பார்த்து, எழுபதுகளில எனக்கும் அதே ஆசை.

குசினிக்குள்ள போய், "அம்மா, ஓடுறதெண்டால் இரத்மலானைக்குப் போறது நல்லதோ, மெட்ராசுக்குப் போறதோ?" எண்டு கேட்டனான்.

மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தா. "ஆரோட?"

"ஐயோ, ஆரோடயும் இல்லை. பிளேன் ஓடப் பழகத்தான்."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்திட்டுது. "அப்ப கிட்ட இருக்கிற இரத்மலானைக்கே போ. பிளேன் எண்டால் ஏறின ஆளைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கும்தானே."

போனனான். லைசென்சோட திரும்பியும் வந்தனான். படிப்பிச்சவரும் கூட வந்தவர். இப்ப பக்கத்துக் கதிரையில இருந்து இதை வாசிச்சுச் சிரிக்கிறார்.

அந்தப் பெட்டைக்கு எந்த இடம் நல்லது? அம்மாமாரைக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ.